மேசை ஏன் சரிஞ்சு தெரியுது? பெட்ரோவ்-வோத்கினோட "ஹெர்ரிங்" பத்தி ஒரு கேள்வி

வெண்சாம்பல்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா ஆயில் பெயின்ட்ல ஸ்டில் லைஃப், அதாவது மேசைமேல வச்ச பொருள்களை, வரைஞ்சு பழகிட்டு இருக்கேன், இதுவரைக்கும் டச்சு ஓவியர்களைத்தான் பாத்து பாத்து காப்பி பண்ணுவேன், பளபளன்னு வெள்ளிக் கிண்ணம், உரிச்ச எலுமிச்சை, அந்த மாதிரி. போன மாசம் ஒருத்தர் ஒரு ரஷ்ய ஓவியத்தோட ப்ரிண்ட் குடுத்தார். குஸ்மா பெட்ரோவ்-வோத்கின் வரைஞ்சது, 1918, பேரு "ஹெர்ரிங்". ஒரு மேசை, அதுமேல சிவப்பு கலந்த ரோஸ் கலர் துணி, ஒரு நீல காகிதத்துல ஒரே ஒரு மீன், பக்கத்துல ஒரு ரொட்டித் துண்டு, ரெண்டு உருளைக்கிழங்கு. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்ல.

முதல்ல பாத்தப்ப என்ன இது இவ்வளவு காலியா இருக்குன்னு தோணுச்சு, ஆனா மேசைக்கு எதிர்ல ஒட்டி வச்சதுல இருந்து தினமும் அதைத்தான் பாத்துட்டு இருக்கேன், விட முடியல. சரி காப்பி பண்ணி பாப்போம்னு உக்காந்தேன். நாலு தடவை வரைஞ்சுட்டேன், நாலும் தப்பு. அவர் படத்துல மேசை நம்ம பக்கம் சரிஞ்சு வருது, கிட்டத்தட்ட மேல இருந்து பாக்குற மாதிரி இருக்கு, ஆனா மீனோ உருளைக்கிழங்கோ உருண்டு கீழ விழாது, அப்படியே கெட்டியா உக்காந்திருக்கு. நான் வரைஞ்சா எல்லாம் வழுக்கிட்டு மடியில விழுற மாதிரி இருக்கு. எனக்கு சொல்லிக்குடுக்குறவர் பாத்துட்டு "அந்த ஆளுக்கே பெர்ஸ்பெக்டிவ் (தட்டையான படத்துல ஆழம் காட்டுற முறை) சரியில்ல, அதை ஏன் காப்பி பண்றே"ன்னு சொல்லிட்டார். எனக்கு அப்படி தோணல. தெரியாம செஞ்ச தப்பா இருந்தா இவ்வளவு அமைதியா இருக்காதுல்ல?

இவர் யாரு, ஏன் இப்படி வரைஞ்சார், இந்த சரிவை எப்படி புரிஞ்சுக்குறதுன்னு தெரிஞ்சவங்க சொன்னா நல்லா இருக்கும்.


நெவாக்கரை:

உங்க கண்ணு சரியாத்தான் சொல்லுது, அது தப்பு இல்ல. அவர் வாழ்க்கை முழுக்க யோசிச்சு யோசிச்சு கட்டின ஒரு பார்வை அது, அவரே அதுக்கு கோளப் பார்வைன்னு பேரும் வச்சிருக்கார். கொஞ்சம் பின்னாடி போய் சொல்றேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

1878ல வோல்கா நதிக்கரையில ஹ்வலின்ஸ்க்னு ஒரு சின்ன ஊர்ல பொறந்தவர். அப்பா செருப்பு தைக்கிறவர், அம்மா வீட்டு வேலை செய்றவங்க. தாத்தா பேரு பியோத்தர், அவரும் செருப்பு தைக்கிறவர்தான், அவரோட வோட்கா குடிப்பழக்கத்தாலதான் பேர்ல அந்த வோத்கின் ஒட்டிக்கிச்சுன்னு சொல்லுவாங்க. பையன் கப்பல் ரிப்பேர் பட்டறையில வேலை பாத்தார், ரயில்வே படிப்புக்கு முயற்சி பண்ணி கிடைக்கல, சமாரா ஊர்ல புரோவ்ங்கறவர்கிட்ட கொஞ்ச நாள் படம் படிச்சார். அம்மா வேலை செஞ்ச பணக்கார வீட்டம்மாவுக்கு பங்களா கட்ட பீட்டர்ஸ்பர்க்ல இருந்து மெல்ட்ஸர்னு ஒரு கட்டடக் கலைஞர் வந்தார், பையனோட படங்களைப் பாத்துட்டு தலைநகருக்கு கூட்டிட்டு போனார், ஊர் வியாபாரிங்க மாசாமாசம் பணம் போட்டு படிக்க வச்சாங்க. இதெல்லாம் நடக்கலன்னா இந்த மீனும் இல்ல ரொட்டியும் இல்ல. அப்புறம் மாஸ்கோ ஓவியப் பள்ளியில செரோவ்ங்கற ஓவியர்கிட்ட படிச்சார். 1901ல மியூனிக்ல அஷ்பேன்னு ஒரு ஆசிரியர்கிட்ட படிக்கணும்னு மாஸ்கோவுல இருந்து சைக்கிள்ல கிளம்பினவர்ங்க இவரு. அதுக்கப்புறம் இத்தாலி, பாரிஸ், வட ஆப்பிரிக்கான்னு மூணு வருஷம் சுத்தினார். 1906ல ஃப்ரான்ஸ்லயே கல்யாணமும் ஆச்சு.

இப்ப சரிவுக்கு வரேன். இளைஞனா இருந்தப்ப ஹ்வலின்ஸ்க் பக்கத்துல ஒரு குன்றுமேல இருந்து தரையில விழுந்தார், விழுற அந்த ஒரு நொடியில பூமி தட்டையா தெரியாம ஒரு உருண்டையா, ஒரு கிரகமா தெரிஞ்சதுன்னு தன்னோட நினைவுக் குறிப்புல எழுதி இருக்கார். அந்தப் புத்தகத்தோட பேரே "யூக்ளிடின் வெளி", 1932ல வந்தது. அவர் கேக்குறது ரொம்ப எளிமையான கேள்வி. இத்தாலிக்காரங்க சொல்லிக்குடுத்த பெர்ஸ்பெக்டிவ்ல பாக்குறவன் ஒத்தைக் கண்ணால, ஆணி அடிச்ச மாதிரி ஒரே இடத்துல நிக்கிறான். நிஜத்துல நாம அப்படியா பாக்குறோம்? குனியுறோம், தலை சாய்க்கிறோம், நடக்குறோம். உடம்பு சாஞ்சா உலகமும் கூடவே சாயுது, எல்லாத்தோட அச்சும் விசிறி மாதிரி விரியுது, அடிவானம் வளையுது. இதை அவர் பெரிய படங்கள்ல பயன்படுத்தினது கண்ணுக்கு நேரடியா தெரியும், 1928ல வரைஞ்ச "கமிஸாரின் மரணம்" பாத்தீங்கன்னா மலை முதுகே கிரகத்தோட முதுகு மாதிரி வளைஞ்சு கிடக்கும்.

அதே ஆள் ஒரு மேசையைப் பாக்குறப்பவும் அப்படித்தான் பாக்குறார். ஸ்டில் லைஃப்ங்கறது ஓவியனுக்கும் இயற்கைக்கும் நடக்குற கூர்மையான உரையாடல்ல ஒண்ணுன்னு அவரே சொல்லி இருக்கார், கதை, மனுஷங்களோட மனநிலை எதுவும் குறுக்க வராது, ஒரு பொருள் வெளியில எப்படி இருக்குங்கறது மட்டும்தான் கேள்வி. அதனால நீங்க பாக்குறது சரியுற மேசை இல்ல. மேசை பக்கத்துல நின்னுகிட்டு குனிஞ்சு பாக்குற ஒரு ஆள் அந்தப் படத்துக்கு வெளிய இருக்கார். உங்க நாலு காப்பியும் உக்காந்துகிட்டு வரைஞ்சீங்களா நின்னுகிட்டு வரைஞ்சீங்களா?


தூரிகைக்காரி:

நெவாக்கரை சார் வரலாறு சொல்லிட்டார், நான் கை வேலை பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா இந்தப் படத்தை நானும் வரைஞ்சு பாத்திருக்கேன், எனக்கும் முதல்ல எல்லாம் வழுக்கிச்சு.

ப்ரிண்டை எடுத்து வச்சு பாருங்க. ஒரு பொருளும் இன்னொரு பொருளைத் தொடாது. டச்சு படம் பாத்து பழகினா நம்ம கை தானாவே ஒண்ணுக்கு முன்னாடி ஒண்ணை வச்சு மறைக்கும், ஆழம் காட்டுறதுக்கு அதுதான் சுலபமான வழி, கிண்ணத்துக்குப் பின்னாடி ஜாடி, ஜாடிக்குப் பின்னாடி துணின்னு. இவர் அதைச் செய்யவே இல்ல. மேசையை மேல தூக்கிப் பிடிச்சதே ஒவ்வொண்ணுக்கும் தனி இடம் குடுக்கத்தான்னு எனக்குத் தோணும். ரொட்டியைச் சுத்தி ரொட்டிக்குன்னு ஒரு காத்து இருக்கு, உருளைக்கிழங்கைச் சுத்தி அதுக்குன்னு ஒண்ணு. நீங்க வரைஞ்சப்ப அந்த இடைவெளிகளை அளந்தீங்களா, இல்ல பொருளை மட்டும் அளந்தீங்களா? நான் பொருளை மட்டும் அளந்தேன், இடைவெளி எல்லாம் ஒரு விரல் அளவுக்கு சுருங்கிருச்சு, அதனாலதான் என் படத்துல எல்லாம் ஒரே பக்கமா குவிஞ்சு கீழ ஓடுச்சு. அடுத்த தடவை வெறும் இடத்தை மொதல்ல வரைஞ்சேன், மீனை கடைசியா வச்சேன். பாதி பிரச்சனை அங்கயே தீந்துச்சு.

மீதி பாதி கலர். இவருக்கு மூணு நிறக் கொள்கைன்னு ஒண்ணு இருந்துச்சு, சிவப்பு, நீலம், மஞ்சள், இந்த மூணும் ஒண்ணை ஒண்ணு தாங்கிப் பிடிக்கணும். சின்ன வயசுல ஊர்ல பழைய கிறிஸ்தவ மதப்பிரிவு ஆளுங்க ஐகான், அதாவது வழிபாட்டுக்கான புனிதர் படம், வரையுறதை பக்கத்துல இருந்து பாத்து வளந்தவர், அந்த வண்ணப் பொடிகளோட ருசி அவர் கண்ணை விட்டு போகவே இல்ல. 1912ல வரைஞ்ச "சிவப்புக் குதிரையைக் குளிப்பாட்டல்" எல்லாருக்கும் தெரியும், சிவப்புக் குதிரை, பொன்மஞ்சள் உடம்போட பையன், நீலப்பச்சைத் தண்ணி. இப்ப உங்க மீனுக்கு வாங்க. சிவப்பு எங்க? துணி. நீலம் எங்க? காகிதம். மஞ்சள்? ரொட்டியோட விளிம்பும் உருளைக்கிழங்கும், பழுப்பா மண்ணுக்குள்ள அமுங்கின மஞ்சள். அதே மூணுதான். ஒரு பஞ்ச காலத்து மேசையில அதே மூணு நிறத்தைத் தேடி எடுத்து வச்சிருக்கார் மனுஷன், எனக்கு இதை முதல் தடவை கவனிச்சப்ப உடம்பு சிலிர்த்துருச்சு.

இதுல ஒரு விஷயம் முக்கியம். சிவப்பு முன்னாடி வரும், நீலம் பின்னாடி போகும்னு நமக்கு சொல்லிக்குடுத்திருப்பாங்க. இங்க தரை மாதிரி இருக்குற துணி சிவப்பு, அது மேல கிடக்குற காகிதம் நீலம். அதாவது கீழ இருக்குறது மேல தள்ளுது, மேல இருக்குறது கீழ அமுங்குது, அதனால காகிதம் துணிக்குள்ள பதிஞ்ச மாதிரி நிக்குது, வழுக்காது. உங்க காப்பியில துணியோட சிவப்பை பயந்துகிட்டு பழுப்பாக்கி இருந்தீங்கன்னா இந்தப் பிடிமானம் போயிரும். மீனுக்கும் தனியா வெள்ளி கலர் தேடாதீங்க, காகிதத்தோட நீலத்தை எடுத்து வெளுக்க வச்சு, வயித்துப் பக்கம் துணியோட ரோஸ் கொஞ்சம் தொட்டா போதும். நிழலுக்கு கறுப்பு வேணவே வேணாம்.

லெனின்கிராட்ல, அதாவது அப்ப பெட்ரோகிராட், இப்ப பீட்டர்ஸ்பர்க்னு சொல்ற அதே ஊர்ல, 1918ல இருந்து பதினஞ்சு வருஷம் கிட்ட வாத்தியாரா இருந்தவர் இவர். மாணவர்களை அடிப்படை நிறங்கள்ல இருந்துதான் ஆரம்பிக்க வச்சார். நீங்களும் ஒரு மாசம் மூணு ட்யூபும் வெள்ளையும் மட்டும் வச்சு வரைஞ்சு பாருங்க.


சாளரம்:

இந்தப் படம் லெனின்கிராட் முற்றுகை நேரத்துல வரைஞ்சதுதானே? ஜெர்மன்காரங்க சுத்தி வளைச்சு ரொட்டி 125 கிராமுக்கு இறங்குன காலம். எங்கயோ அப்படி படிச்ச ஞாபகம், அதனாலதான் இந்த ரொட்டித் துண்டைப் பாத்தாலே தொண்டை அடைக்குது.


நெவாக்கரை:

இல்ல சாளரம், நிறைய பேர் இதைக் கலந்துக்குறாங்க, அதே ஊர், அதே பசிங்கறதால. முற்றுகை தொடங்கினது 1941 செப்டம்பர். பெட்ரோவ்-வோத்கின் 1939 பிப்ரவரியிலயே காலமாகிட்டார். இந்தப் படம் முற்றுகைக்கு இருபத்திமூணு வருஷம் முன்னாடி, 1918, புரட்சி முடிஞ்சு உள்நாட்டுப் போர் நடந்துட்டு இருந்த காலம். தொண்டை அடைக்கிறது மட்டும் சரிதான், அந்தப் பசியும் சின்னது இல்ல.

பெட்ரோகிராட் தன் சாப்பாட்டுக்கு தூரத்து மாகாணங்களை நம்பி இருந்த ஊர். போர்ல ரயில் ஓடல, தானியம் வரல. தலைநகரமும் 1918 மார்ச்ல மாஸ்கோவுக்கு மாறிடுச்சு. மோசமான நாட்கள்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டுல ஒரு பங்கு ஃபுன்ட் ரொட்டி, ஃபுன்ட்ங்கறது பழைய ரஷ்ய எடை, கணக்கு போட்டா ஏறக்குறைய 50 கிராம் வரும். அதே 1918ல ரேஷனை நாலு வகையா பிரிச்சாங்க, உடல் உழைப்பாளிக்கு அதிகம், பழைய சொத்துக்காரங்களுக்கு கடைசி. ஜனங்க ஊரை விட்டு கிராமத்துக்கு ஓடினாங்க, இருபது லட்சத்துக்கு மேல இருந்த ஊர் 1920ல ஏழு லட்சம் சொச்சத்துக்கு சுருங்கிடுச்சு. விறகு கிடைக்காம மரவீடுகளைப் பிரிச்சு எரிச்சாங்க.

ஹெர்ரிங்ங்கறது மத்தி குடும்பத்து மீன், உப்பு போட்டு பீப்பாயில வச்சா கெடாது, அதனால ரேஷன்ல இது வந்துட்டே இருந்துச்சு. ரொட்டி, மீன், உருளைக்கிழங்கு, அந்த வருஷம் அந்த ஊர்ல இதுதான் ஒரு மேசையில இருந்திருக்க முடியும். இன்னொரு விஷயம், இந்தப் படம் கேன்வாஸ்ல இல்ல, மேசை விரிப்பா போடுற எண்ணெய்த்துணியில வரைஞ்சது. அகலம் 88 செ.மீ. சொச்சம், உயரம் 58. பீட்டர்ஸ்பர்க்ல ரஷ்ய அருங்காட்சியகத்துல இருக்கு.

1920ல வரைஞ்ச "1918, பெட்ரோகிராடில்" படத்தையும் சேத்துப் பாருங்க, அது மாஸ்கோ ட்ரெட்யகோவ் கேலரியில. குழந்தைக்குப் பால் குடுக்குற ஒரு தொழிலாளிப் பொண்ணு, ஐகான்ல வர்ற மேரி மாதிரி முகம், பின்னாடி தெருவுல ஜனங்க. அந்தப் பொண்ணு வீட்டு மேசையில இருக்குறது இந்த மீன்தான்னு நான் மனசுக்குள்ள சேத்து வச்சிருக்கேன்.


பழைய சட்டகம்:

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க, ஆனா எனக்கு ஒரு மறுப்பு இருக்கு. இந்தப் படத்தைப் பத்தி எங்க பேச்சு வந்தாலும் பசி, ரேஷன், துயரம்னு அதுலயே போய் முடிஞ்சுருது. அதே 1918ல அவர் "காலை நேர ஸ்டில் லைஃப்" வரைஞ்சிருக்கார். அதைப் பாத்துட்டு வாங்க. துணி விரிக்காத மர மேசை, கிளாஸ்ல டீ, உலோகக் கெட்டில், ரெண்டு முட்டை, ஒரு தீப்பெட்டி, தண்ணியில வச்ச காட்டுப் பூக்கள், மேசை ஓரத்துல தலையைத் தூக்கிப் பாக்குற ஒரு செம்பட்டை நிற நாய். அந்தக் கெட்டில்ல முட்டை பிரதிபலிக்குற இடத்தைப் பாத்தா அது பசியில தவிக்கிற ஆளோட கண்ணு மாதிரி எனக்குத் தெரியல, காலையில எழுந்து வந்து உலகம் இன்னும் இருக்குன்னு சந்தோஷப்படுற ஆளோட கண்ணு மாதிரி இருக்கு. அதே வருஷம் "ரோஸ் ஸ்டில் லைஃப்", ஆப்பிள் கிளை, அது முழுக்க வெளிச்சம். அதே வருஷம் "வயலின்", ஜன்னல் கட்டையில ஒரு வயலின், வெளிய ஊர். ஒரே வருஷத்துல இத்தனை. 1918ல இருந்து ரெண்டு மூணு வருஷம்தான் அவர் ஸ்டில் லைஃப்ல இவ்வளவு ஆழமா இறங்கினது.

பஞ்சத்தைப் பதிவு பண்ணணும்னு மட்டும் இருந்திருந்தா வேற மாதிரி வரைஞ்சிருப்பார். மீன் மெலிஞ்சு இருக்கா பாருங்க, இல்ல, நல்ல கொழுத்த மீன். ரொட்டி காஞ்சு கிடக்கா, இல்ல. ஒவ்வொண்ணுக்கும் எடை குடுத்திருக்கார். பண்டிகைச் சாப்பாட்டுக்குக் குடுக்குற மரியாதையை அந்த ரேஷன் துண்டுக்குக் குடுத்திருக்கார். ஐகான்ல ஒரு கிண்ணத்தை நடுவுல வச்சு சுத்தி வெறுமையை விடுவாங்களே, அந்த மாதிரி. ரஷ்யாவுல ஸ்டில் லைஃபை நத்யுர்மோர்த்னு ஃப்ரெஞ்சுச் சொல்லாலதான் சொல்லுவாங்க, நேரா அர்த்தம் பாத்தா செத்த இயற்கைன்னு வரும். இந்த ஓவியர்கிட்ட அந்தச் சொல் ஒட்டவே ஒட்டாது.

ஒப்பிடணும்னா இலியா மாஷ்கோவைப் பாருங்க. அவரும் வோல்கா, டான் பக்கத்துக்காரர்தான், 1881ல பொறந்தவர், 1910ல "டைமன் ஜாக்"ங்கற ஓவியர் குழுவைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். 1924ல "மாஸ்கோ உணவு: ரொட்டிகள்"னு ஒண்ணு வரைஞ்சார், ட்ரெட்யகோவ்ல இருக்கு. அப்பாடா, என்ன ஒரு குவியல்! பின்னல் ரொட்டி, வட்ட ரொட்டி, பன்னு, கேக்குன்னு படத்தோட நாலு விளிம்பையும் தள்ளிகிட்டு வெளிய வருது, பூராவும் ஆரஞ்சும் பொன்னிறமும். உள்நாட்டுப் போர் முடிஞ்சு, தனியார் வியாபாரத்தைக் கொஞ்சம் திறந்து விட்டு, பேக்கரிகள்ல சரக்கு வந்த காலம். பட்டினி கிடந்த ஊர் கண்ணால சாப்பிடுற படம் அது. நான் மாஷ்கோவை ரொம்ப ரசிக்கிறேன், ஆனா அந்த நூறு ரொட்டியும் ஒரு சத்தமா கேக்குது, ஒரு ரொட்டியும் தனியா ஞாபகம் நிக்கல. பெட்ரோவ்-வோத்கினோட அந்த ஒத்தைத் துண்டு எந்தப் பக்கம் வெட்டுப்பட்டிருக்குன்னு கண்ணை மூடிகிட்டு சொல்லுவேன்.


வெண்சாம்பல்:

எல்லாருக்கும் மனசார நன்றி, இவ்வளவு எதிர்பாக்கல. நெவாக்கரை சார் கேட்டதுக்குப் பதில், ஆமா, நாலு தடவையும் உக்காந்துகிட்டுதான் வரைஞ்சேன், ப்ரிண்டு கண்ணுக்கு நேரா சுவத்துல இருந்துச்சு. நேத்து ப்ரிண்டை மறைச்சு வச்சுட்டு நிஜமாவே ஒரு மேசையில சிவப்புத் துணி விரிச்சு, நீலக் காகிதம் போட்டு, ஒரு மீன், ரொட்டி, ரெண்டு உருளைக்கிழங்கு வச்சேன். நின்னுகிட்டு குனிஞ்சு பாத்தேன். அப்பதான் புரிஞ்சுச்சு, நின்னா மேசை விரியுது, உக்காந்தா ஒரு கோடா ஒட்டிக்குது. தூரிகைக்காரி அக்கா சொன்ன மாதிரி முதல்ல இடைவெளிகளை மட்டும் வரைஞ்சேன், மூணு கலரும் வெள்ளையும்தான். மீன் இன்னும் ப்ளாஸ்டிக் மாதிரிதான் இருக்கு ஆனா வழுக்கல, முதல் தடவையா வழுக்கல!

பழைய சட்டகம் சொன்ன "காலை நேர" படத்தையும் தேடிப் பாத்தேன், ரெண்டு மணி நேரம் போனதே தெரியல. அதுல டீ கிளாஸுக்குள்ள இருக்குற ஸ்பூன் உடைஞ்சு தெரியுதே, அதை எப்படி இவ்வளவு நிஜமா கொண்டு வந்தார்? நான் கண்ணாடி வரைஞ்சா எப்பவும் அழுக்காத்தான் வருது. அப்புறம் இவர் 1920க்கு அப்புறம் ஸ்டில் லைஃப் வரையவே இல்லையா?


தூரிகைக்காரி:

வழுக்கலன்னு படிச்சதும் எனக்கே சந்தோஷமாயிருச்சு தம்பி.

ஸ்பூனை ஸ்பூனா நினைச்சு வரையாதீங்க. அந்த கிளாஸ் பட்டை வெட்டின கிளாஸ், ஒவ்வொரு பட்டையும் ஒரு தனி ஜன்னல் மாதிரி. டீ மட்டத்துக்கு மேல இருக்குற ஸ்பூன் ஒரு துண்டு, கீழ இருக்குறது வேற இடத்துக்கு நகந்த இன்னொரு துண்டு, ரெண்டையும் மனசு சேத்துக்கும், கை சேக்கக் கூடாது. அழுக்கா வர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடிக்குன்னு ஒரு சாம்பல் கலர் கலந்து பூசுறதுதான். அவர் கிளாஸ்ல அந்தச் சாம்பல் இல்ல பாருங்க, டீயோட கலர், மேசையோட கலர், பின்னாடி இருக்குறதோட கலர், இதுதான் துண்டு துண்டா இருக்கு. விளிம்புல மட்டும் ஒரு மெல்லிசுக் கோடு. மேல வாய் வட்டமா அகலமாத் தெரியும், அதே நேரம் கிளாஸோட உடம்பும் முழுசாத் தெரியும், அது திரும்ப அந்தக் குனிஞ்சு பாக்குற பார்வைதான். முதல்ல வெறும் தண்ணி ஊத்தின கிளாஸ்ல ஒரு பென்சில் போட்டுப் பழகுங்க, டீ அப்புறம் பாத்துக்கலாம்.

1920க்கு அப்புறம் வரைஞ்சார், ஆனா கொஞ்சமா. 1921ல சமர்கண்ட் போனார், அந்த நீல ஓடு பதிச்ச மசூதிங்க, அந்த வெளிச்சம், திரும்பி வந்தவருக்கு நீலம் முன்ன மாதிரி இல்ல. 1922ல பொண்ணு எலேனா பொறந்தா, கல்யாணமாகி பதினாறு வருஷம் கழிச்சு. அப்புறம் இருபதுகளோட கடைசியில காசநோய். ஆயில் பெயின்ட் வாடையே ஆகாதுன்னு டாக்டருங்க தடுத்துட்டாங்க. ஒரு ஓவியனுக்கு அதைவிட என்ன கொடுமை இருக்கு சொல்லுங்க. அந்த வருஷங்கள்லதான் பேனாவை எடுத்தார், 1930ல "ஹ்லினோவ்ஸ்க்", 1932ல நெவாக்கரை சார் சொன்ன அந்த "யூக்ளிடின் வெளி". அந்த விழுந்த கதை, குன்று, கிரகம் எல்லாம் தூரிகை கையில இல்லாதப்ப எழுதினதுதான்.

ஆனா முழுசா விடல. 1932ல "கிளாஸில் பறவைச் செர்ரி"ன்னு ஒரு படம் இருக்கு, இதுவும் ரஷ்ய அருங்காட்சியகத்துல. ஒரு சாதாரண கிளாஸ், அதுல வெள்ளை வெள்ளையா பூத்த ஒரு கிளை, மேசைமேல கையில எடுத்து வச்சுட்டுப் போன மாதிரி சில்லறைச் சாமான்கள். பதினாலு வருஷம் முன்னாடி மீனையும் ரொட்டியையும் பாத்த அதே குனிஞ்ச பார்வை, ஆனா கை ரொம்ப லேசாயிருச்சு. அந்தக் கிளாஸ்ல தண்ணிக்குள்ள காம்பு உடையுற இடத்தை மட்டும் பெருசாக்கிப் பாருங்க, உங்க ஸ்பூன் கேள்விக்கு நான் சொன்னதைவிட அது நல்லாச் சொல்லும்.


நெவாக்கரை:

ஒண்ணு மட்டும் சேக்கிறேன். ஹ்வலின்ஸ்க்ல அவர் சம்பாதிச்ச காசுல அப்பா அம்மாவுக்கு வாங்கிக் குடுத்த வீடு இன்னும் இருக்கு, இப்ப அது அருங்காட்சியகம். மீன் படத்தை நேர்ல பாக்கணும்னா பீட்டர்ஸ்பர்க், குதிரையும் ரோஸ் ஸ்டில் லைஃபும் பாக்கணும்னா மாஸ்கோ. ப்ரிண்ட்ல அந்தத் துணியோட சிவப்பு எப்பவும் ஆரஞ்சு பக்கம் சாஞ்சுருது, அதனால காப்பி பண்றப்ப ஒரே ப்ரிண்டை நம்பாம ரெண்டு மூணு வேற வேற இடத்துல எடுத்த ரிப்ரொடக்‌ஷனை பக்கத்துல வச்சுப் பாருங்க. அஞ்சாவது காப்பி முடிஞ்சதும் இங்க போடுங்க வெண்சாம்பல், மீன் ப்ளாஸ்டிக்கா இருந்தாலும் பரவாயில்ல.


வெண்சாம்பல்:

போடுறேன் சார். இன்னைக்குப் பென்சிலும் தண்ணி கிளாஸும் வச்சாச்சு, நின்னுகிட்டேதான்.